மருந்தின் குணம் யாரைக் கேட்டு அறிவது?

புதிய மருந்து ஒன்று வந்துவிட்டது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் குணமடைந்தனர் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. படித்தவுடன் உள்ளம் மகிழ்கிறது. ஆனால், "குணமடைந்தனர்" என்று சொன்னவர் யார்? சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த ஆய்வாளரா? எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டரா? அல்லது அந்த மருந்தை மாதக்கணக்கில் விழுங்கிய மனிதரா? இந்த மூன்றாமவரைக் கேளாமல் எந்த மருந்தையும் நல்ல மருந்து என்று முடிவு கட்டக் கூடாது என்பதே எங்கள் கருத்து. கேட்பதென்றாலும் அவருக்குப் புரியும் மொழியில், அவர் வாழ்க்கையிலிருந்து எழுந்த கேள்விகளால் கேட்க வேண்டும்.

இது லண்டனிலும் நியூயார்க்கிலும் பேச வேண்டிய பேச்சு, மயிலாப்பூரில் புத்தகப் பையோடு பஸ் ஏறும் பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எங்களுக்கு வேலை உண்டு. பாட்டிக்கும் அத்தைக்கும் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நாங்கள். டாக்டர் ஆங்கிலம் கலந்து கேட்பதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்கிறோம்; பாட்டி சொல்வதை டாக்டருக்குப் புரியும்படி சுருக்கிச் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது வழியில் கொட்டிப் போவது எவ்வளவு என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக எண்ணுகிறார். முதலில் வருபவர் நோயுற்றவர். மருத்துவரும் மருந்தும் பணிவிடை செய்பவரும் அவருக்குப் பின்னரே வருகிறார்கள். வரிசைக்கும் பொருள் உண்டு என்று எங்கள் தமிழாசிரியை வகுப்பில் அடிக்கடி சொல்வார்.

நம் ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் நெடுநாளைய தொடர்பு இருக்கிறது. அந்தக் கதையைத் தோழியருள் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள்; ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

காசநோய் என்றால் ஒரு காலத்தில் சானடோரியம் என்றே பொருள். தாம்பரத்தை அடுத்த ஒரு ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. தூய காற்று, முழு ஓய்வு, பாலும் முட்டையுமாக நல்ல உணவு, உற்றாரை விட்டு ஒதுங்கிய வாழ்க்கை ஆகியவையே சிகிச்சை என்று உலகமெங்கும் நம்பினார்கள். நம் நாட்டிலோ நோயாளிகள் பல லட்சம். சானடோரியப் படுக்கைகள் சில ஆயிரம். இந்நிலையில் கிருமியைக் கொல்லும் மாத்திரைகள் வந்து சேர்ந்தன. மாத்திரையைக் கொடுத்து நோயாளியை வீட்டிலேயே இருக்கச் சொன்னால் என்ன என்ற கேள்வி எழுந்தது. அது ஆபத்து என்று பெரிய பெரிய மருத்துவர்களெல்லாம் அஞ்சினார்கள்.

இதற்கு விடை காண 1956-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. ஸ்பர் டாங்க் சாலை என்று பெரியவர்கள் சொல்லும் சேத்துப்பட்டுச் சாலையில் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் ஒன்று தோன்றியது. இன்று அதற்குத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். அதன் முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றப் பிரிவினர் நெருக்கடியான தங்கள் குடிசைகளிலும் ஒற்றை அறை வீடுகளிலுமே இருந்தார்கள். இருவருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரு மருந்துகள்தான், அதே ஓராண்டுதான்.

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டார்கள், ஓய்வெடுத்தார்கள், உடல் எடையும் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களோ அரைவயிற்றுக்கு உண்டு, முடிந்தபோதெல்லாம் வேலைக்கும் போனார்கள். ஆண்டு முடிவில் பார்த்தபோது சானடோரியப் பிரிவில் 92 சதவீதத்தினருக்கும் வீட்டுப் பிரிவில் 86 சதவீதத்தினருக்கும் சளியில் கிருமி அடங்கியிருந்தது. இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. 1959-ல் இம்முடிவு அச்சில் வந்தது. மறு ஆண்டு இன்னொரு செய்தியும் வந்தது: நோயாளி வீட்டிலேயே இருந்து மருந்து உட்கொண்டதால் குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவது கூடிவிடவில்லை. நாளடைவில் உலகின் பல நாடுகளில் சானடோரியங்களின் வாயில்கள் மூடப்பட்டன. மதராஸ் நகரத்து ஏழை மக்கள் உலகத்துக்குக் கற்பித்த பாடம் இது.

இந்த ஆராய்ச்சியை எல்லாரும் புகழ்கிறார்கள், நாங்களும் புகழ்கிறோம். என்றாலும் எதையெல்லாம் அளந்தார்கள் என்று பாருங்கள். சளி, எக்ஸ்ரே, எடை. நோயாளி மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினாரா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்பது உண்மையே. பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும் மருந்து. கொள்ள வேண்டிய அளவும் ஏராளம். பலர் ஓசைப்படாமல் அதை விட்டுவிட்டார்கள். சிறுநீர் பொய் சொல்லாது. ஆனால் ஏன் விழுங்கவில்லை என்ற காரணத்தைச் சிறுநீர் சொல்லாது. அதை வாய்தான் சொல்ல வேண்டும்.

நோயாளிகளை உட்காரவைத்து, "உங்களுக்கு எது முக்கியம்?" என்று முதலில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? எங்களால் ஊகிக்க முடிகிறது. ஒரு தாய், "என் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?" என்றுதான் கேட்டிருப்பாள். இரண்டாவது கேள்வி, "ஒரு வருஷம் நான் இல்லாவிட்டால் அடுப்பு எரிவது எப்படி?" என்பதாயிருக்கும். முதல் கேள்விக்கு மையம் 1960-ல் விடை தந்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு வீட்டுச் சிகிச்சையே விடையாக அமைந்தது. மருத்துவர்கள் படுக்கைகளுக்கு வழி தேடியபோது, தாய்மார்களின் கவலைக்கும் வழி பிறந்தது. அது நற்பேறு. எப்போதும் அப்படி வாய்க்கும் என்று நம்பியிருக்க முடியாதல்லவா?

அதே மையத்தில் அதே ஆண்டுகளில் நடந்த வேறொன்றுதான் எங்கள் கட்சிக்கு நல்ல சாட்சி. ஐசோனியாசிட்டை மட்டும் கூடுதல் அளவில் கொடுத்துப் பார்த்தபோது சில நோயாளிகள், கால் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்றார்கள். எந்த எக்ஸ்ரேயும் அதைக் காட்டாது. சளியிலும் அது தெரியாது. நோயாளி சொன்னால்தான் உண்டு. டாக்டர் தேவதத்தாவும் உடன் பணியாற்றியவர்களும் அச்சொல்லை அலட்சியம் செய்யாமல் ஆராய்ந்து 1960-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். சிலருடைய உடல் அந்த மருந்தை மெதுவாகவே மாற்றி வெளியேற்றுகிறது. அவர்களுக்குத்தான் நரம்பு அதிகம் பாதிக்கப்படுகிறது என்று கண்டார்கள். வைட்டமின் பி-6 கொடுத்தால் அதைத் தடுக்கலாம் என்றும் தெரிந்தது. இன்று காசநோய் மாத்திரையோடு பலருக்கும் அந்தச் சிறு வைட்டமின் மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதன் பின்னால் "கால் எரியுதுங்க" என்று சொன்ன மதராஸ் மனிதர்களும் இருக்கிறார்கள்.

இங்கே மொழியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். எரிச்சல், குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இசிவு, மதமதப்பு, மரத்துப்போதல், எறும்பு ஊர்தல் என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் உடல் துன்பத்துக்கு எத்தனை சொற்கள்! படிவத்திலோ பெரும்பாலும் வலி உண்டா இல்லையா என்ற ஒரே கட்டம்தான். தி. நகரில் வசிக்கும் எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டிக்குச் சர்க்கரை நோய். ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, "பஞ்சு மேலே நடக்கிறாப்பலே இருக்குப்பா" என்றார் பாட்டி. "வலி இருக்கா, இல்லையா பாட்டி?" என்று கேட்டார் இளம் டாக்டர். "வலி இல்லேப்பா" என்றார் பாட்டி. வலி இல்லை என்று எழுதப்பட்டது. இருவர் சொன்னதும் உண்மை. ஆனால் அந்தப் பஞ்சு எங்கே போயிற்று? எந்தத் தாளிலும் அது ஏறவில்லை. உணர்ச்சி குறைந்த காலில்தான் புண் வந்தால் தெரியாது என்று எங்கள் உயிரியல் ஆசிரியை பிறகு விளக்கினார்.

காலின் எரிச்சல் பழங்கதை ஆகிவிடவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் வந்தது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடுமையான காசநோய்க்கு பெடாகுவிலின், பிரிடோமனிட், லினசோலிட் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த தென்னாப்பிரிக்க ஆய்வின் முடிவு 2020-ல் வெளியாயிற்று. ஆய்வில் இருந்தோர் 109 பேர். முன்பெல்லாம் பிழைப்பதே அரிது என்று கருதப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆறு மாதச் சிகிச்சையில் நலம் பெற்றார்கள். இது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆய்வில் 81 சதவீதத்தினருக்கு நரம்புத் தளர்ச்சியால் கை கால்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் ஏற்பட்டன. தலைப்பில் வந்தது தொண்ணூறு. எண்பத்தொன்று உள்ளே இருந்தது.

அந்த எண்பத்தொன்றையும் எண்ணி எழுதியதனால்தான் அடுத்த அடி வைக்க முடிந்தது. தென்னாப்பிரிக்கா, ரஷ்யா, ஜார்ஜியா, மால்டோவா ஆகிய நாடுகளில் லினசோலிட்டின் அளவையும் காலத்தையும் பலவாறு மாற்றிப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் என்றிருந்ததை 600 ஆக்கி 26 வாரம் கொடுத்த பிரிவில் 91 சதவீதத்தினர் நலமடைந்தனர். நரம்புத் தொல்லையோ 24 சதவீதத்தினருக்கே வந்தது. இது 2022-ல் வெளியானது. மருந்தைப் பாதியாக்கியும் குணம் குறையவில்லை. துன்பம் மட்டும் குறைந்தது! நம் சேத்துப்பட்டு நிறுவனம் முன்னின்று இந்தியாவிலும் லினசோலிட் அளவைக் குறைத்துப் பார்க்கும் ஆய்வை நடத்தியது. இம்மூன்றோடு மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்காவது மருந்தையும் சேர்த்த ஆறு மாதச் சிகிச்சையை 2024 செப்டம்பரில் மத்திய அரசு நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் இருபது மாதம் வரை மருந்து உட்கொண்டவர்கள் உண்டு.

அந்த இருபது மாதச் சிகிச்சையில் மாத்திரைகளோடு ஊசியும் இருந்தது. கானமைசின் போன்ற ஊசிகளைப் பல மாதங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். அவை சிலருடைய செவிப்புலனைக் கெடுத்துவிடும். காதில் ஓயாத இரைச்சல் முதலில் வரும். பின்பு சத்தங்கள் ஒவ்வொன்றாக மறையும். இரைச்சலை நோயாளி மட்டுமே கேட்க முடியும்! மும்பையைச் சேர்ந்த பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன் காசநோய்ச் சிகிச்சையின்போது 2013-ல் கேட்கும் திறனை இழந்தார். அவர் பரதநாட்டியம் பயின்றவர். நட்டுவாங்கமும் பாட்டும் காதில் விழாத நிலையிலும் பின்னர் மேடையேறி ஆடினார். மார்கழி தோறும் சபாக்களுக்குப் போகும் மயிலை மக்களுக்கு அது எத்தகைய சாதனை என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் ஃபுமேசா திசிலே என்ற இளம்பெண்ணுக்கும் இதே கதி. இருவரும் மருத்துவ ஏட்டின் கணக்குப்படி குணமடைந்தவர்கள்.

இந்த இரண்டு பெண்களும் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. ஊசிக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய பெடாகுவிலின் மாத்திரையின் காப்புரிமையை நீட்டித்துக்கொள்ள ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்திருந்தது. நீட்டித்தால் வேறு எவரும் அதை மலிவாகச் செய்ய முடியாது. எனவே 2019-ல் நந்திதாவும் ஃபுமேசாவும் சேர்ந்து இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்மனு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் அந்நிறுவனத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதற்கிடையே 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் கானமைசின் ஊசியை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்திருந்தது. இரு நாட்டு நோயாளிகள், ஒரே துன்பம், ஒரே மனு. ஆய்வு தொடங்கும் நாளிலேயே இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் அமர்ந்திருந்தால் "எத்தனை பேர் பிழைத்தார்கள்?" என்பதோடு "எத்தனை பேருக்குக் காது கேட்கிறது?" என்பதும் முதல் பக்கத்திலேயே வந்திருக்கும் என்று நாங்கள் நம்புகிறோம்.

சரி, கேட்பதென்றால் எப்படிக் கேட்பது? ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொன்னால் அதைக் கூட்டிக் கழிப்பது எப்படி? இதற்காகவே கேள்வித்தாள்கள் வந்தன. ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று முப்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை 1993-ல் வெளியிட்டது. 13 நாடுகளில் 305 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். அந்நாடுகளில் பெரும்பாலானவை மேலைநாடுகள். இன்று அது தமிழ் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. புதிய புற்றுநோய் மருந்து எதுவானாலும் அதன் ஆய்வில் இந்தத் தாளைப் பெரும்பாலும் காணலாம். நல்ல தாள்தான். ஆனால் அதன் முதல் கேள்வியே கனமான கடைப்பையையோ பயணப்பெட்டியையோ தூக்குவதைப் பற்றியது.

எங்கள் பாட்டிமார் சிலரிடம் இதைக் கேட்டுப் பார்த்தோம். "நான் எதுக்குடி பெட்டி தூக்கப் போறேன்? எந்த ஊருக்கு?" என்று ஒருவர் சிரித்தார். மந்தைவெளியில் இருக்கும் இன்னொரு பாட்டி, தண்ணீர் லாரி வரும் நாளில் ஒரு குடத்தை இடுப்பில் ஏற்ற முடிகிறதா என்று கேட்டால் சொல்வேன் என்றார். குனிந்து கோலம் போட முடிகிறதா, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா, கோயிலிலோ ஆலயத்திலோ கூட்டத்தில் நிற்க முடிகிறதா, பேரக்குழந்தையைத் தூக்க முடிகிறதா? அவர்கள் நலத்தை அளக்கும் கோல்கள் இவை. பணத்தைப் பற்றி அந்த முப்பதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அரசாங்கமோ காப்பீடோ செலவை ஏற்கும் நாடுகளில் ஒரு கேள்வி போதும் போலும். வளையலை அடகு வைத்து ஸ்கேன் எடுக்கும் வீட்டில் அது எப்படிப் போதும்?

கேள்விகளை வேறெங்கோ எழுதி, பின்பு தமிழில் பெயர்ப்பது ஒரு வழி. தொடக்கத்திலேயே இங்குள்ளவர்களையும் கேட்டு எழுதுவது இன்னொரு வழி. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் தரத்தை அளக்க முற்பட்டபோது இரண்டாவது வழியையே தேர்ந்தது. உலகெங்கும் பதினைந்து மையங்களை அமைத்தார்கள். மெல்போர்ன், டோக்கியோ, பாங்காக், பார்சிலோனா, ஹராரே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சியாட்டில், புது தில்லி என்று நீளும் அந்தப் பட்டியலில் மதராஸும் இடம் பெற்றது. ஒவ்வோர் ஊரிலும் நோயாளிகள், நலமாயிருப்போர், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரைக் குழு குழுவாக அமர்த்தி, நல்ல வாழ்வென்று எதைச் சொல்கிறீர்கள் என்று பேசவிட்டார்கள். அந்தந்த மொழியிலேயே கேள்விகள் பிறந்தன. பிறகு எல்லா ஊர்க் கேள்விகளையும் ஒன்று சேர்த்து, ஒவ்வோர் ஊரிலும் முந்நூறு பேரிடமாவது கேட்டுப் பார்த்து, நூறு கேள்விகளாகச் சலித்தெடுத்தார்கள். உறக்கம், பணம், வீடு, போக்குவரத்து, மருந்தையே நம்பியிருத்தல், மன நம்பிக்கை எல்லாம் அதில் உண்டு. பின்னர் 26 கேள்விகளில் ஒரு சுருக்கமும் வந்தது. ஹராரேயில் ஒரு நோயாளி சொன்னதும் நம் ஊர் நோயாளி சொன்னதும் ஒரே தராசில் ஏறின. நாடுகளுக்கிடையே ஒப்பிட வேண்டுமானால் இதுவே நேர்மையான முறை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதை எல்லாரும் அறிவோம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல்லாண்டு பாடுபட்டு 1954-ல் தொடங்கியது அது. வெளிநாட்டுத் தாள் நம்மவர்க்கு முழுதும் பொருந்தாது என்று கண்டு, அங்குள்ள ஆய்வாளர்கள் இந்திய நோயாளிகளுக்கென்றே வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள் ஒன்றை அமைத்துச் சரிபார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். நம் பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் சென்றுவிடக்கூடிய தூரத்தில் நடந்த இப்பணி நம் பாடப்புத்தகம் எதிலும் இல்லை. இருந்தால் நன்றாயிருக்கும்.

மறுப்பவர்கள் சொல்வதையும் கேட்டோம். எங்களுள் ஒருத்தியின் தந்தை மருத்துவர். "நோயாளி சொல்வது நாளுக்கு நாள் மாறும் அம்மா. இன்று மழை பெய்தால் ஒன்று சொல்வார், மகன் ஊரிலிருந்து வந்தால் வேறொன்று சொல்வார். அதை எப்படி அளவாகக் கொள்வது?" என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. காசநோயிலேயே பாருங்கள். இரண்டு மாதம் மருந்து உட்கொண்டதும் இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது. "எனக்கு நல்லாயிடுச்சு" என்று நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். உள்ளே கிருமி இருக்கிறது. அந்த இடத்தில் நோயாளியின் சொல்லை மட்டும் நம்பினால் அவருக்கும் கேடு, ஊருக்கும் கேடு. ஆகவே சளிப் பரிசோதனையைத் தூக்கி எறியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கிருமி செத்ததா என்பதைச் சளி சொல்லட்டும். மனிதர் வாழ்கிறாரா என்பதை மனிதர் சொல்லட்டும். மகன் வந்தால் பதில் மாறுகிறதென்றால், மகன் வருவதும் நலத்தில் ஓர் அங்கம்தானே? மழைக்கு மாறுவதை ஒரு தடவை கேட்பதற்குப் பதில் பல தடவை கேட்டுச் சரிப்படுத்தலாம் என்று எங்கள் கணித ஆசிரியை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பெற்றோர்களிடமும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. டாக்டர் நோயாளியைக் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பதில் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். மாமியாரைக் கேட்டால் மருமகள் சொல்கிறார். மனைவியைக் கேட்டால் கணவர் சொல்கிறார். அன்பினால்தான் செய்கிறோம். இருந்தாலும் பெண்களின் நோவு பெரும்பாலும் இப்படித்தான் வேறொருவர் வாயால் எழுதப்படுகிறது. கேட்டாலும் "ஒண்ணுமில்லே டாக்டர், பரவாயில்லே" என்று சொல்லும்படி வளர்க்கப்பட்டவர்கள் நம் பாட்டிமார். அவர்களிடமிருந்து உண்மையைப் பெற நேரமும் பொறுமையும் வேண்டும். நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து பழகிய அருட்சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

இனி, யார் செய்ய வேண்டும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம். இங்கிலாந்தில் எந்தப் புதிய சிகிச்சைக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம் என்று முடிவு செய்யும் அமைப்பு 1999-ல் ஏற்பட்டது. அது நோயாளி அமைப்புகளின் கருத்தையும் கேட்கிறது. நம் நாட்டிலும் 2017-ல் அப்படி ஓர் அமைப்பை மத்திய அரசு உண்டாக்கியது. புதிய மருந்துகளை மனிதர்மேல் சோதிப்பதற்கான விதிகள் 2019-ல் வந்தன. அவற்றின்படி ஒவ்வோர் ஆய்வையும் நெறிமுறைக் குழு ஒன்று பார்த்து அனுமதிக்க வேண்டும். அக்குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர் இருக்க வேண்டும். அவர்களுள் சட்டம் அறிந்தவர் ஒருவர், பொதுமக்களில் ஒருவர், பெண் ஒருவராவது இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் பொதுமக்களில் ஒருவர் என்பவர் நோயாளி அல்லர். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரும் பொதுமக்களில் ஒருவரே. பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டியதையும் காதில் இரைச்சல் கேட்டதையும் அவர் அறியமாட்டார்.

ஆகவே எட்டாவதாக ஒரு நாற்காலி போட வேண்டும் என்கிறோம். எந்த நோய்க்கு மருந்தைச் சோதிக்கிறார்களோ அந்த நோயை உடம்பில் கண்டவர் அதில் அமர வேண்டும். அவர் மருந்து கொடுக்கத் தொடங்கிய பின் அல்ல, என்னென்ன அளக்கப் போகிறோம் என்று எழுதும் நாளிலேயே வர வேண்டும். ஆள் எங்கே கிடைப்பார் என்று கேட்க இடமில்லை. 1999-ல் சென்னையில் தொடங்கிய ரீச் என்னும் தொண்டு நிறுவனம் காசநோயிலிருந்து மீண்டவர்களுக்கே பயிற்சி அளித்து, மற்ற நோயாளிகளுக்குத் துணை நிற்கச் செய்துவருகிறது. அவர்களுள் பெண்களும் பலர். அப்படி ஒருவரை அழைத்தால் அவருக்குப் போகவர செலவும், வேலைக்குப் போகாத அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும். கூட்டத்தின் தாள்கள் ஒரு வாரம் முன்னதாகத் தமிழில் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கூட்டத்தில் அவர் பேசும்போது குறிப்பெழுதுபவர், அவர் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். பஞ்சு என்றால் பஞ்சு.